பிராக் நகரத்துப் பதினாறு கண் பாலம்: முட்டையா, சுண்ணாம்பா?

வண்ணை வாசகி:

என் தம்பி செக் நாட்டில் வேலை பார்க்கிறான். போன வாரம் பிராக் நகரத்துச் சார்லஸ் பாலத்தின் படங்களை அனுப்பியிருந்தான். வல்தாவா ஆற்றின் மேல் 516 மீட்டர் நீளம், பத்து மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலம், பதினாறு கண்கள், வெளியே முழுவதும் மணற்கல். 1357ஆம் ஆண்டு நான்காம் சார்லஸ் மன்னர் காலத்தில் தொடங்கி, 1400ஐ ஒட்டி முடித்தார்களாம். படங்களோடு ஒரு வரி: "காரையில் கோழிமுட்டை கலந்து கட்டியிருக்கிறார்கள் அக்கா, நம் தாத்தா சொன்ன கதைதான்."

எங்கள் தாத்தா பழைய வண்ணாரப்பேட்டையில் கொத்தனாராக இருந்தவர். மண்ணடியில் இருந்த பெரிய வீடுகளின் சுவரைத் தட்டிக் காட்டி, "இதில் எத்தனை முட்டை போயிருக்கும் தெரியுமா?" என்று கேட்பார். சிறுமியாக இருந்தபோது சுவருக்குள் முட்டை ஓட்டைத் தேடியிருக்கிறேன். என் சந்தேகம் இதுதான். வீட்டுச் சுவருக்கு முட்டை சரி. ஆற்றுக்குள் நிற்கும் பாலத்தை அறுநூறு ஆண்டுகள் முட்டை தாங்குமா?

சுண்ணாம்புச் செக்கு:

வாசகி அக்கா, தாத்தா சொன்னது கதையில்லை. 'மெட்ராஸ் சுண்ணாம்பு' என்று வெள்ளைக்காரர்கள் வியந்து எழுதிய பூச்சு நம் ஊருடையது. பழவேற்காடு, எண்ணூர்ப் பக்கத்துக் கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, நீற்றி, செக்கில் வெண்ணெய் மாதிரி அரைப்பார்கள். மேல் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்து, வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். முடிந்ததும் பளிங்கா சுவரா என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். கட்டு வேலைக்குக் கடுக்காய் ஊறிய நீரும் பனைவெல்லமும். இதெல்லாம் என் பெரியப்பா கையால் செய்து நான் கண்ணால் பார்த்தது.

பிராக் கதை எனக்கும் தெரியும், அதில் ஒரு வேடிக்கை உண்டு. நாடு முழுவதிலிருந்தும் முட்டை அனுப்பும்படி மன்னர் கட்டளையிட்டாராம். வெல்வரி என்ற ஊர்க்காரர்கள், வழியில் உடைந்துவிடக் கூடாதே என்று அத்தனையையும் வேகவைத்து அனுப்பிவிட்டார்களாம். இன்னொரு ஊர் பாலாடைக்கட்டியும் தயிர்க்கட்டியும் அனுப்பியதாம். அங்கும் நம்மைப் போல் ஊருக்கு ஊர் கிண்டல் உண்டு போலிருக்கிறது.

மின்ட் தெரு:

வேகவைத்த முட்டைக்கு உப்பும் மிளகும் யார் அனுப்பினார்கள்?

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:

நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், சற்று நீளமாக எழுதப் போகிறேன். பாலம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்குக் கை நிற்காது.

முதலில் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பு மிகச் சுத்தமானது, அதனால்தான் அந்த வெண்மை. சுத்தமான சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகும். காற்றுப் படாத இடத்தில், அதாவது தடித்த சுவரின் நடு வயிற்றிலும் தண்ணீருக்கடியிலும், அது வருடக்கணக்கில் பிசுபிசுவென்றே கிடக்கும். நம் கொத்தனார்களுக்கு இது நன்றாகத் தெரியும். கிணறு, தொட்டி, மதகு என்று வந்தால் செங்கல்லை இடித்துத் தூளாக்கிச் சேர்ப்பார்கள். அந்தத் தூளுக்குச் சுர்க்கி என்று பெயர். சுட்ட களிமண் சேர்ந்த சுண்ணாம்பு தண்ணீரோடேயே வினைபுரிந்து கெட்டிப்படும்.

பிராக் நகரத்தைச் சுற்றிக் கிடைக்கும் சுண்ணாம்புக்கல்லில் களிமண் இயற்கையாகவே கலந்திருக்கிறது. சுட்டால், சுர்க்கி போடாமலே தண்ணீரில் இறுகும் சுண்ணாம்பு கிடைத்துவிடும். அவர்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம் அதுதான். வெள்ளை வெளேரென்ற சுண்ணாம்பு உயர்ந்தது, பழுப்புச் சுண்ணாம்பு மட்டம் என்று நாம் நினைக்கிறோம். பாலத்துக்கு அந்தப் பழுப்புதான் வேண்டும். முட்டையில் உள்ள புரதம் கலவையைக் குழைவாக்கும், பூச்சுக்கு மெருகு தரும். ஆற்றுத் தூணைப் பிடித்து நிறுத்தும் வேலை அதனுடையதல்ல.

இரண்டாவது, கண்கள். கல்லை அழுத்தினால் தாங்கும், வளைத்தால் உடையும். திருவொற்றியூர்க் கோயில் மண்டபத்தில் போய் நின்று பாருங்கள். தூணுக்குத் தூண் இடைவெளி சிறிது. மேலே கிடக்கும் உத்திரக்கல் தன் எடையாலேயே நடுவில் தொய்யப் பார்க்கிறது, அதனால் கொஞ்ச தூரத்துக்கு மேல் நீட்ட முடியாது. வளைவில், அதாவது கொத்தனார்கள் 'கமான்' என்பதில், ஒவ்வொரு கல்லும் ஆப்பு வடிவம். மேலே பாரம் ஏற ஏறக் கற்கள் ஒன்றையொன்று நெருக்கும், வளைவதற்கு இடமே இல்லை. சாரம் கட்டி, அதன்மேல் இரு பக்கமிருந்தும் கல் அடுக்கி வந்து, உச்சியில் கடைசிக் கல்லை இறக்கிய பிறகுதான் சாரத்தைத் தளர்த்தலாம். அதுவரை அது வெறும் கற்குவியல். இந்த வித்தையால்தான் சார்லஸ் பாலத்தின் ஒவ்வொரு கண்ணும் ஏறத்தாழ 16 முதல் 23 மீட்டர் வரை அகலம். வெளியே தெரிவது செதுக்கிய மணற்கல். உள்ளே சுண்ணாம்புக் காரையில் மூழ்கிய உடைகல் நிரப்பு.

மூன்றாவதுதான் முக்கியம், தூண்களின் அடி. அதை நாளை எழுதுகிறேன். கண் கூசுகிறது, பேரன் கணினியைக் கேட்கிறான்.

எண்ணூர்க்காரன்:

ஐயா, ஒரு மறுப்பு. நம்மவர்கள் கமான் தெரியாமல் உத்திரக்கல்லோடு நின்றுவிட்டார்கள் என்பது போல் ஒலிக்கிறது. ஹம்பிக்குப் போயிருக்கிறேன். துங்கபத்திரையில் விட்டலர் கோயிலுக்குக் கீழே விஜயநகரக் காலத்துப் பாலத்தின் கல்தூண்கள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. கமானே இல்லை, தூண் நட்டு மேலே பாவிய பாலம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரிமேல் திவான் பூர்ணையா 1804இல் முடித்த பாலமும் கல்தூணும் கல் உத்திரமும்தான், அது இன்றைக்கும் இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:

மறுப்பு சரியே. குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. துங்கபத்திரையில் அந்த இடம் பாறைப் படுகை. பாறை கிடைத்தவனுக்கு நெருக்கமாகத் தூண் நடுவது எளிது, கிரானைட்டும் கையருகில் கிடைத்தது. வல்தாவாவில் சரளையும் மணலும். அங்கே ஒவ்வொரு தூணும் ஒரு செலவு, ஒரு ஆபத்து. தூண்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டுமானால் கண்ணை அகலப்படுத்தியாக வேண்டும். அகலமான கண் என்றால் கமான்தான். ஆற்றின் அடிமண் எதுவோ அதுதான் பாலத்தின் உருவத்தைத் தீர்மானிக்கிறது.

மின்ட் தெரு:

தூண் பாடத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு தகவல். அடிக்கல் நாட்டிய முகூர்த்தம் 1357 சூலை 9, காலை 5.31 என்கிறார்கள். ஆண்டு, நாள், மாதம், மணி, நிமிடம் என்று வரிசையாக எழுதினால் 1-3-5-7-9-7-5-3-1. ஏறி இறங்கும் ஒற்றைப்படை எண்கள். நம் ஊர்ச் சோதிடரும் தோற்றார்.

சுண்ணாம்புச் செக்கு:

அந்த நிமிடக் கணக்கு இருபதாம் நூற்றாண்டில் கணக்குப் போட்டுச் சொன்னது, அண்ணா. 1357இல் ஒருவர் மணல் கடிகாரத்தோடு உட்கார்ந்து 5.31 என்று குறித்துவைத்திருப்பார் என்று நம்புகிறீர்களா? மன்னருக்குச் சோதிடத்தில் ஈடுபாடு இருந்தது என்பது வரை ஒப்புக்கொள்கிறேன்.

மின்ட் தெரு:

முட்டையை நம்புகிறவர் முகூர்த்தத்தை நம்ப மறுக்கிறார். சரி.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:

பேரன் பள்ளிக்குப் போய்விட்டான். தொடர்கிறேன்.

சார்லஸ் பாலம் அந்த இடத்தில் முதல் கல்பாலம் அல்ல. பன்னிரண்டாம் நூற்றாண்டில், இரண்டாம் விளாதிஸ்லாவ் மன்னரின் மனைவி யூதித் பெயரால் ஒரு கல்பாலம் இருந்தது. 1342 வெள்ளம் அதை அடித்துப்போனது. அது இப்போதைய பாலத்தைவிடத் தாழ்வானது. புதிய பாலத்தைப் பழைய பாலத்துக்குச் சற்றுத் தள்ளி, உயர்த்திக் கட்டினார்கள். 1342இன் பாடத்தைப் படித்திருந்தார்கள் என்பது இதிலேயே தெரிகிறது. ஆனால் பாதிப் பாடத்தைத்தான் படித்தார்கள்.

தூண்களின் தடிமனைப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒன்பது, பத்து மீட்டர். கண்களையும் தூண்களையும் சேர்த்து அளந்தால் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு கல். அதாவது ஆற்றின் வழியில் மூன்றில் ஒரு பங்கை அடைத்துவிட்டு, மிச்சத்தில் போ என்கிறோம். ஏன் இவ்வளவு தடிமன்? கமான் பக்கவாட்டில் உதைக்கும். பக்கத்துக் கமானின் உதையும் எதிர்ப்பக்கத்திலிருந்து வருவதால் தூண் நடுவில் சமனாக நிற்கிறது. ஒரு கண் விழுந்தால் சமன் போய்விடும், தூண் மெலிதாக இருந்தால் அடுத்தடுத்து எல்லாமே சரியும். தூண் தடியாக இருந்தால் ஒற்றைப் பக்க உதையைத் தன் எடையாலேயே தாங்கும், சேதம் அங்கேயே நிற்கும். அறிவான முன்னெச்சரிக்கைதான். ஆனால் தடித்த தூண் வழியைக் குறுக்குகிறது, குறுகிய வழியில் நீர் விரைகிறது, விரையும் நீர் தூணின் காலடி மண்ணை அரிக்கிறது. மேலே காப்பாற்றுவது கீழே கெடுக்கிறது.

இதைத் தணிக்கத்தான் நீர் வரும் பக்கத்தில் தூணுக்குக் கூர்மூக்கு வைத்தார்கள். அதற்கும் முன்னால் ஆற்றுக்குள் சாய்வான மரத் தடுப்புகள் நிற்கும். பனிக்காலத்தில் மிதந்துவரும் பனிப்பாளங்கள் தூணில் மோதாமல் அதில் ஏறி உடைவதற்காக.

அணியத்தான்:

காசிமேட்டிலிருந்து எழுதுகிறேன். ஓவர்சியர் ஐயா சொல்லும் கூர்மூக்கை நாங்கள் அணியம் என்போம், படகின் முன்முனை. அலையைப் பிளப்பது அணியம். ஐயா சொல்லும் அரிப்பும் எங்களுக்குப் புதிதல்ல. திருவொற்றியூர்க் கரையில் அலை திரும்பும்போது அசையாமல் நில்லுங்கள். குதிகாலுக்குக் கீழே மண் நழுவுவது தெரியும். நீங்கள் அசையவில்லை, உங்களைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான் பறிக்கிறது. இன்னும் இரண்டு அலை நின்றால் கணுக்கால் வரை இறங்கிவிடுவீர்கள்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:

அணியத்தான் தம்பி, நான் ஒரு பக்கம் எழுதியதை நான்கு வரியில் முடித்துவிட்டீர்கள். அதே நழுவல்தான். தூணின் மூக்கில் மோதும் நீர் கீழ்நோக்கிச் சுழன்று இறங்கிக் குழி பறிக்கும். வெள்ளம் வடியும்போது அந்தக் குழியில் புது மணல் வந்து மூடிக்கொள்ளும். மேலே நின்று பார்க்கிறவருக்கு எல்லாம் பத்திரமாகத் தெரியும். பாலத்துப் பரிசோதகனின் சாபம் அது.

சார்லஸ் பாலத்தின் காயக் கணக்கைப் பாருங்கள். 1432 வெள்ளத்தில் மூன்று தூண்கள் சேதம். 1784இல் ஐந்து தூண்கள். 1890 செப்டம்பரில்தான் பெரிய அடி. மேலே ஆற்றோரம் கட்டிவைத்திருந்த தெப்பங்களும் ஆயிரக்கணக்கான மரத்தடிகளும் அறுத்துக்கொண்டு வந்து பாலத்தின் கண்களை அடைத்தன. பாலம் அணைக்கட்டாக மாறிவிட்டது. பின்னால் நீர் ஏற ஏற, அடியில் மட்டும் வழி தேடிய நீர் இரண்டு தூண்களைக் குடைந்தது. மூன்று கண்கள் விழுந்தன. கவனியுங்கள், மூன்று மட்டும். மற்ற பதின்மூன்றும் நின்றதற்குத் தடித்த தூணுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

திருத்தி மறுபடி திறந்தது 1892இல். அந்தத் தூண்களுக்கு இந்த முறை ஆழமாக, அழுத்தக் காற்று அடைத்த இரும்புப் பெட்டிகளை ஆற்றுப் படுகைக்குள் இறக்கி, அதற்குள் ஆள் இறங்கித் தோண்டி அடித்தளம் போட்டார்கள். நம் நாட்டில் மணலில் செங்கல் கிணறு கட்டி, உள்ளே மண்ணை வாரி வாரி, கிணற்றைத் தன் எடையாலேயே இறக்கும் பழைய முறை உண்டு. கிணறு இறக்குதல் என்போம். கருத்து ஒன்றுதான்: அரிப்பு எட்டாத ஆழத்துக்குப் போ.

எண்ணூர்க்காரன்:

மரத்தடி அடைத்த கதையைப் படித்ததும் எங்கள் தெருக்கோடிச் சிறுபாலம்தான் கண்ணுக்குள் வந்தது. மூன்று கண்ணில் இரண்டை ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கொண்டு, மழை வந்தால் தண்ணீர் எங்கள் வாசலில் ஏறும். எத்தனை மனு கொடுத்தோம் என்று எழுத ஆரம்பித்தால் இந்த இழை திசைமாறிவிடும். 1890இல் அவர்களுக்கு மரம், நமக்குத் தாமரை.

சுண்ணாம்புச் செக்கு:

முட்டையைப் பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன், முக்கால்வாசி. கால்வாசியை வைத்துக்கொள்கிறேன். நல்ல காரை இல்லாவிட்டால் அந்த நிரப்பு அறுநூறு ஆண்டு இருக்காது என்பது மட்டும் என் கட்சி.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:

அந்தக் கால்வாசியோடு எனக்குச் சண்டையில்லை.

ராயபுரம் அன்னம்:

நான் அமைதியாகப் படித்துக்கொண்டிருந்தேன். கட்டடக்கலை எனக்குத் தெரியாது, சிலைகளைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். பாலத்தின் இருபுறமும் நிற்கும் முப்பது சிலைகளும் பாலத்தோடு பிறந்தவை அல்ல. பெரும்பாலானவை 1683க்கும் 1714க்கும் இடையில் வைத்தவை. முதலில் வந்தவர் நெப்போமுக் ஊர்ப் புனித யோவான். 1393இல் மன்னர் நான்காம் வென்செஸ்லாஸ் ஆணைப்படி வல்தாவாவில் எறியப்பட்டவர். பாவசங்கீர்த்தனத்தில், அதாவது பாதிரியாரிடம் பாவத்தை அறிக்கையிடுவதில், கேட்ட ரகசியத்தைக் காட்டிக் கொடுக்க மறுத்தார் என்பது பக்தர்கள் சொல்லும் காரணம். பீடத்து வெண்கலப் பலகையைத் தொட்டால் நல்லது நடக்கும் என்று சொல்லித் தொட்டுத் தொட்டே அது மினுமினுக்கிறது. நம் கோயில் நந்தியின் கொம்பு மாதிரி.

நம் கரைக்குத் தொடர்புள்ள ஒருவரும் அங்கே நிற்கிறார். புனித பிரான்சிஸ் சவேரியார். 1545இல் சில மாதங்கள் மயிலாப்பூரில் தங்கியவர். 1711இல் ப்ரோக்கோஃப் செதுக்கிய சிலை. கீழ்த்திசை மக்கள் அவரைத் தோளில் தாங்குவதாகவும், ஒரு இளவரசன் முன்னே மண்டியிடுவதாகவும் அமைப்பு. இந்தியாவைக் கண்ணால் பார்க்காத சிற்பியின் இந்தியர்கள், பார்த்தால் சிரிப்பு வரும். 1890இல் கண்கள் விழுந்தபோது இந்தச் சிலையும் இஞ்ஞாசியார் சிலையும் ஆற்றில் போயின. இப்போது நிற்கும் சவேரியார் பிறகு செய்த நகல். மற்ற பல சிலைகளும் இன்று நகல்களே, மூலங்களை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

மின்ட் தெரு:

அந்தப் பாலத்தில் சுங்கம் வசூலித்தது யார் தெரியுமா? பாலத்தின் பழைய நகரத்து முனையில் மடம் வைத்திருந்த 'செந்நட்சத்திரச் சிலுவை வீரர்கள்' என்ற துறவற சபை. பாலத்தைப் பராமரிக்கும் பொறுப்பும் அவர்களுடையது. 1841 வரை பிராக் நகரில் வல்தாவாவைக் கடக்க அந்த ஒரே பாலம்தான், பணம் கொட்டியிருக்கும். நம் பக்கத்தில் சுங்கச்சாவடி என்று மெட்ரோ நிலையப் பெயர் மட்டும் மிச்சம். 'சார்லஸ் பாலம்' என்ற பெயரே 1870இல்தான் வந்தது. அதுவரை கல்பாலம், பிராக் பாலம் அவ்வளவுதான்.

நம் ஊரிலும் பாலத்துக்குச் சொந்தப் பணம் போட்ட ஒருவர் உண்டு. ஆர்மேனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் மர்மலாங் பாலத்தைக் கட்டி, பிற்காலப் பராமரிப்புக்கும் தனியாகப் பணம் ஒதுக்கிவைத்தார். கட்டுவதற்குப் பணம் கொடுப்பவர்கள் உண்டு, பராமரிப்புக்கு ஒதுக்குபவர் அபூர்வம். அந்தப் பாலம் இன்று இல்லை, அங்கே மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது. உஸ்கான் காலத்துக் கல்வெட்டு மட்டும் அருகில் இருக்கிறது. அடுத்த முறை பாரிமுனைப் பக்கம் போனால் ஆர்மேனியன் தெருத் தேவாலயத்துக்குள் ஒரு எட்டு எட்டிப் பாருங்கள்.

வண்ணை வாசகி:

ஒரு கேள்வி கேட்டேன், ஒரு வாரத்துக்குப் படிக்கக் கொடுத்துவிட்டீர்கள். தம்பிக்கு எல்லாவற்றையும் அனுப்பினேன். ஓவர்சியர் ஐயா, அவன் அங்கே குறிப்பாக எதைப் பார்க்க வேண்டும்?

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:

பாலத்தின் மேலே பார்க்க ஆயிரம் பேர் சொல்வார்கள். கீழே இறங்கச் சொல்லுங்கள் அம்மா. பழைய நகரத்துக் கரைச் சுவரில், அந்தச் சிலுவை வீரர் மடத்தருகே, தாடிக்காரர் முகம் ஒன்று பதித்திருக்கும். பிராடாச் என்பார்கள். யூதித் பாலத்தில் இருந்து வந்த கல். தண்ணீர் அந்த முகத்தில் எதுவரை ஏறியது என்பதை வைத்து வெள்ளத்தை அளந்தார்கள். விழுந்துபோன பாலத்தின் கல்லைக் கொண்டு நிற்கும் பாலத்தின் ஆபத்தை அளக்கிறார்கள், எனக்குப் பிடித்த விஷயம் அது. பிறகு தூண்களின் மூக்கைப் பக்கவாட்டில் படம் எடுக்கட்டும். பாலம் நேர்கோடு இல்லை, லேசாக வளைந்து வளைந்து போகும், அதையும் கவனிக்கட்டும்.

வண்ணை வாசகி:

போய்விட்டு வந்துவிட்டான். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, மின்ட் தெரு அண்ணன் சொன்ன அதே 5.31க்குப் போயிருக்கிறான். மேலே நான்கு பேர்தானாம், அதில் இரண்டு பேர் திருமணப் படம் எடுக்க வந்தவர்கள். தாடிக்காரரைக் கண்டுபிடிக்கப் படித்துறையில் இறங்கி, சுவரை ஒட்டி எட்டிப் பார்க்க வேண்டியிருந்ததாம். மழைக்காலம் இல்லை, தண்ணீர் தாடிக்கு வெகு கீழே. 2002 வெள்ளத்தில் அவர் முழுகிப்போனதாகவும் பாலம் தப்பியதாகவும் அங்கே ஒரு பெரியவர் சைகையிலேயே சொன்னாராம்.

தூணின் படம் மூன்று அனுப்பியிருக்கிறான். தூணுக்குப் பின்னால் தண்ணீர் சுழன்றுகொண்டே போகிறது.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:

பின்னால் தெரிவது அவ்வளவு ஆபத்தில்லாத சுழல், கண்ணுக்கு அழகு. குழி பறிப்பது முன்னால், மூக்கின் அடியில். அது எந்தப் படத்திலும் விழாது. படங்களை எனக்குத் தனியாக அனுப்ப முடியுமா? 2002க்குப் பிறகு சில தூண்களின் அடியை வலுப்படுத்தினார்கள். நீர்மட்டத்தை ஒட்டிக் கல்லின் நிறம் மாறுகிறதா என்று பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.

சுண்ணாம்புச் செக்கு:

அக்கா, தம்பி வெல்வரிப் பக்கம் போனால், வேகவைத்த முட்டை விஷயத்தை அந்த ஊர்க்காரர்களிடம் கேட்கச் சொல்லுங்கள். கொஞ்சம் தள்ளி நின்று கேட்கட்டும்.